மாருதி 800-இல் ஹெட் கேஸ்கட் போனால் செய்ய வேண்டிய வேலை

எஞ்சினில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். அதை மட்டும் மாற்றி வண்டியை அனுப்பினால் அது பாதி வேலைதான். எஞ்சின் ஏன் சூடானது என்று பார்க்காமல் விட்டால் புது கேஸ்கட்டும் போய்விடும். மாருதி 800 தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டாலும் என் பட்டறைக்கு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

796 சிசி, மூன்று சிலிண்டர். பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் ஓவர்ஹீட் ஆனால் முதலில் வளைவது ஹெட்தான்.

கழற்றும் முன் கேஸ்கட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் குமிழி நிற்காமல் வந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆயில் மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் கசடு இருக்கிறதா, சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா என்றும் பாருங்கள். பிளக்குகளைக் கழற்றினால், தண்ணீர் போகும் சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருக்கும். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்கும்போது பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டரிலும் அளவு குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, இனி கழற்றலாம். எஞ்சின் முழுக்க ஆற வேண்டும். சூட்டோடு போல்ட்டைத் தளர்த்தினால் நல்ல ஹெட்டும் வளைந்துவிடும். கூலன்ட்டை இறக்கி, திரும்ப மாட்டும்போது இடம் மாறாமல் இருக்க டைமிங் மார்க்குகளை (புல்லிகளில் உள்ள அடையாளக் குறிகள்) சேர்த்து வைத்துவிட்டு டைமிங் பெல்ட்டை எடுங்கள். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்றில் தளர்த்துங்கள்.

ஹெட்டை இறக்கியதும் அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்து, நேர்ப்பட்டையை நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை என்று வைத்துப் பாருங்கள். பீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) 0.05 மி.மீ. இலை பட்டைக்கு அடியில் நுழைந்தால் லேத் பட்டறைக்கு அனுப்பி ஃபேஸிங் போட வேண்டும், அதாவது தளத்தைச் சீவி மட்டமாக்க வேண்டும். வால்வுகளுக்கு நடுவில் விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட்டும் அங்கேயே செய்யச் சொல்லுங்கள். எமரி பேப்பரைக் கையால் தேய்த்து மட்டமாக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள், மேடு பள்ளம்தான் மிஞ்சும். பிளாக்கின் மேல்தளத்தையும் இதேபோல் அளந்துவிடுங்கள்.

போல்ட் துளைகள்தான் பலர் கவனிக்காமல் விடும் இடம். துளைக்குள் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அது போக இடமில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். துணியால் துடைத்து, காற்றடித்து, மரை சுத்தமா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம்தான் புது கேஸ்கட். அதன் துளைகள் பிளாக்கின் ஆயில், தண்ணீர் வழிகளோடு சரியாகப் பொருந்த வேண்டும். மேலே பசை எதுவும் தடவ வேண்டாம். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு, டார்க் ரென்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து இரண்டு மூன்று கட்டமாக முறுக்குங்கள். கை அனுபவத்தை இந்த இடத்தில் நான் நம்புவதே இல்லை.

இனி சூடான காரணத்துக்கு வருவோம். ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் கசிவு, ஃபேன் சுவிட்ச், மூடியின் ரப்பர் எல்லாவற்றையும் பாருங்கள். போர் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டிகளில் ரேடியேட்டருக்குள் உப்பு படிந்திருக்கும்.

"தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போட்டுடுங்கண்ணா, வண்டி கூலா ஓடும்" என்று கேட்பவர்கள் நிறைய. செய்யாதீர்கள். எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, பெட்ரோல் கூடும், தேய்மானமும் கூடும். அந்த வால்வைப் பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சுங்கள். அதில் பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறக்க ஆரம்பித்தால் நல்லது, இல்லாவிட்டால் புதுசு போடுங்கள்.

கூலன்ட் ஊற்றியபின் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை ஆன் செய்து, ஃபேன் ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்த வண்டியென்றால், புது ஆயிலும் ஃபில்டரும் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் இறக்கிவிட்டு மறுபடி நல்ல ஆயில் ஊற்றுங்கள். இரண்டாம் தடவை இறக்கும் ஆயிலிலும் வெளுப்பு தெரிந்தால் இன்னொரு முறை மாற்றுங்கள். இதில் செலவைப் பார்த்தால் பேரிங் போய்விடும்.