பிளஸ் டூ பயாலஜி: புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

"படிக்கும்போது புரியுது, ஆனா பரீட்சையில ஒண்ணும் ஞாபகம் வர மாட்டேங்குது." மாலையில் என்னிடம் பயாலஜி படிக்க வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் சொல்வது இதுதான். பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் படிப்பதைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பாதிப் பக்கத்தை ஹைலைட்டரால் மஞ்சளாக்கிவிட்டு, அதே பத்தியை நாலு தடவை வாசிக்கிறார்கள். நாலாவது தடவை எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். தினமும் பஸ்ஸில் பார்க்கிற ஒருவரின் முகம் நமக்கு நன்றாகப் பழகியிருக்கும், பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியாது இல்லையா, அதே கதைதான்.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். இரண்டு பக்கம் மட்டும் நிதானமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். ஒரு ரஃப் தாளில் நினைவில் இருப்பதை எழுதுங்கள், படம் இருந்தால் வரையுங்கள், கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பையும் சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். அந்தச் சிவப்பு எழுத்துகள்தான் உங்களுடைய உண்மையான பாடம், மறுநாள் அதை மட்டும் பார்த்தால் போதும். மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை, புதுத் தாளில் முதலிலிருந்து வரையுங்கள். மூன்றாவது தாளில் சிவப்பு குறைந்திருப்பதைப் பார்க்கும்போது வருகிற தைரியம் வேறு எதிலும் வராது.

படம் என்றதும் இதயத்தைத்தான் சொல்ல வேண்டும். நான் பிளஸ் டூ படித்தபோது இதயத்தின் படத்தை அச்சு மாதிரி மனப்பாடம் செய்துவைத்திருந்தேன், ஆனால் படத்தில் நமக்கு இடப்பக்கம் தெரிவது அந்த உடம்பின் வலப்பக்கம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. மாதிரித் தேர்வில் படத்தைச் சரியாக வரைந்து பெயர்களை எல்லாம் இடம் மாற்றி எழுதிவிட்டேன். அன்றிலிருந்து எந்தப் படமானாலும் அதில் ஓடுவது என்ன, எங்கிருந்து எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போவேன். உடம்பைச் சுற்றிவந்த ரத்தம் வலது ஆரிக்கிளுக்கு (மேலறை) வருகிறது, மூவிதழ் வால்வு வழியாக வலது வென்ட்ரிக்கிள் (கீழறை), அங்கிருந்து நுரையீரல் தமனி, நுரையீரல், நுரையீரல் சிரை, இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வென்ட்ரிக்கிள், கடைசியில் பெருந்தமனி. இதயத்தை விட்டு வெளியே போகிற குழாய் தமனி, உள்ளே வருகிற குழாய் சிரை. இது பிடிபட்டால் ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தைக் கொண்டுபோகிற தமனி எது என்ற ஒரு மார்க் கேள்வியில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

வீட்டில் கறி சாப்பிடுவீர்கள் என்றால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஒரு ஆட்டு இதயத்தைக் கீறாமல் முழுசாக, மேலே இருக்கிற குழாய்களோடு கேட்டு வாங்குங்கள். கையில் வைத்து அமுக்கிப் பாருங்கள், தொளதொளவென்று இருப்பது வலப்பக்கம், கெட்டியாக இருப்பது இடப்பக்கம். பெரியவர்கள் யாரையாவது குறுக்கே வெட்டித் தரச் சொன்னால் இடது வென்ட்ரிக்கிளின் சுவர் எவ்வளவு தடிமன் என்று தெரியும். வலது பக்கம் ரத்தத்தைப் பக்கத்தில் இருக்கிற நுரையீரலுக்குத் தள்ளினால் போதும், இடது பக்கம் கால் விரல் வரைக்கும் தள்ள வேண்டும். உள்ளே வால்வு இதழ்களைத் தசையோடு கட்டிவைத்த மாதிரி வெள்ளை நூல்கள் இருக்கும். வென்ட்ரிக்கிள் சுருங்கும்போது இதழ்கள் ஆரிக்கிள் பக்கம் புரண்டுவிடாமல் இழுத்துப் பிடிப்பவை அவைதான். அந்த நூலை ஒரு தடவை விரலால் இழுத்துப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. (கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குகிறோமே, அது மண்ணீரல். நிணநீர் மண்டலம் படிக்கும்போது உதவும்.)

தாவரவியலுக்கு செலவே இல்லை. பிளஸ் ஒன்னில் ஃபேபேசி என்கிற அவரைக் குடும்பத்துக்குப் படிக்கிற கிளைட்டோரியா டெர்னேஷியா, வேலியில் படர்ந்திருக்கிற நம் சங்குப்பூதான். அடுக்கு சங்குப்பூவைப் பறிக்காதீர்கள், அதில் இந்த அமைப்பு சரியாகத் தெரியாது, ஒற்றைப் பூவாகப் பாருங்கள். பெரிதாக விரிந்திருக்கும் கொடி இதழ் ஒன்று, அதற்கு உள்ளே இரண்டு சிறகு இதழ்கள், நடுவில் ஒட்டி மடிந்த இரண்டு படகு இதழ்கள். படகைக் குண்டூசியால் மெதுவாகப் பிரித்தால் மகரந்தத்தாள்கள் தெரியும், ஒன்பது சேர்ந்து ஒரு உறையாகவும் ஒன்று தனியாகவும். மலர்ச் சூத்திரத்தில் (9)+1 என்று வருவது அந்தப் பத்துதான். எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஊமத்தையையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம், ஆனால் அது நச்சுச் செடி, அந்தக் கையோடு கண்ணைத் தொட்டால் கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும். முடித்தவுடன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

பெயர்கள் பயமுறுத்தினால் அவற்றின் பொருளைத் தேடுங்கள். மியாசிஸில், அதாவது குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகிற செல் பிரிவில், லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன் என்று வரிசையாக ஒப்பிப்பார்கள், பாதியில் மாறிப்போகும். இவை கிரேக்கச் சொற்கள்: லெப்டோ என்றால் மெல்லிய, சைகோ என்றால் இணைந்த, பாக்கி என்றால் தடித்த, டிப்ளோ என்றால் இரட்டை. மெல்லிய நூலாகத் தெரிகிற குரோமோசோம், அப்புறம் ஜோடி சேர்கிறது, அப்புறம் தடிக்கிறது, அப்புறம் இரண்டாக விலகத் தொடங்குகிறது. வரிசை தானாகவே வந்துவிட்டது, பாருங்கள்.

எண்களைக் கேள்வியாக மாற்றுங்கள். சிறுநீரகத்தில் ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகிறது, வெளியே வருவது ஒன்றரை லிட்டர் அளவுதான் என்று படித்தால், மீதி எங்கே போனது என்று கேளுங்கள். அதற்குப் பதில் தேடிப் போனால் நெஃப்ரான் (சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டி) பாடம் முழுவதும் அதற்குள் வந்துவிடும். மரபியலும் அப்படித்தான். மெண்டல் இரண்டாம் தலைமுறையில் எண்ணிய பட்டாணிச் செடிகள் 787 நெட்டை, 277 குட்டை. விதிப்படி 3:1 வர வேண்டும், ஏன் சரியாக வரவில்லை? இரண்டு நாணயங்களை, பெற்றோர் இருவரிடமிருந்தும் வருகிற ஜீன்கள் என்று வைத்துக்கொண்டு, ஒன்றாக 40 தடவை சுண்டிப் பாருங்கள், தலை ஒன்றாவது விழுந்தால் நெட்டை, இரண்டும் பூ என்றால் குட்டை. உங்களுக்கும் சரியாக 30, 10 வருவது அபூர்வம்.

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீட் எழுதப்போகிறீர்கள் என்றால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள், தினமும் பத்து போதும். தமிழிலேயே எழுதலாம், ஆனால் மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவத்தைத்தான் இறுதியாக எடுத்துக்கொள்வார்கள். அங்கே 720 மதிப்பெண்ணில் 360 பயாலஜிக்குத்தான் என்பதால் இந்த நோட்டுக்குச் செலவிடும் நேரம் வீண் போகாது.

பொதுத்தேர்வைப் பொறுத்தவரை தாவரவியல் 35, விலங்கியல் 35. ஒன்றிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டு மற்றதில் ஐந்து மார்க் கேள்வியை அரைகுறையாக விடுகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள், வீட்டில் எழுதிப் பார்க்கும்போதே இரண்டுக்கும் நேரத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். படத்துக்குப் பென்சில் மட்டும், நிழல் தீட்ட வேண்டாம், பெயர்க்கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் வலப்பக்கமாக வரட்டும். அறிவியல் பெயரில் இரண்டு சொற்களுக்கும் தனித்தனியாக அடிக்கோடு போடுங்கள்.