சைரன் கேட்டதும் மொட்டை மாடிக்கு ஓடாதீர்கள்

காஷ்மீரின் பஹல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு, 2025 மே 7 அன்று நாடு முழுக்கப் பாதுகாப்பு ஒத்திகை நடத்த மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. நம் பக்கம் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் நடந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் முழுக்க ஃபார்வர்டு மழைதான். ‘சைரன் அடிச்சா என்ன செய்யணும்?’ என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

விஷயம் சின்னது. சைரன் ஏறி இறங்கி அலறினால் ஆபத்து வருகிறது என்று பொருள். ஒரே சீராக நீண்டு ஒலித்தால் ஆபத்து நீங்கிவிட்டது. முதல் அலறல் ஓய்ந்ததுமே ‘முடிஞ்சுபோச்சு’ என்று வாசலுக்கு வருவதுதான் தவறு. அதைவிடப் பெரிய தவறு, போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவது. அதே மே மாதம் பஞ்சாபின் ஃபெரோஸ்பூர் பக்கம் ட்ரோன் தாக்குதலில் ஒரு வீடு தீப்பிடித்து, அந்தக் குடும்பத்தினர் காயப்பட்டார்கள். ட்ரோனை வானத்தில் சுட்டு வீழ்த்தினாலும் அது கீழேதானே விழ வேண்டும்? கண்ணாடி ஜன்னலை விட்டு விலகி, வீட்டின் உள்சுவர் ஓரமாக, கூடுமானால் கீழ்த்தளத்தில் இருப்பதே புத்திசாலித்தனம்.

விளக்கணைப்பு, அதாவது எதிரிக்கு ஊர் தெரியாதபடி எல்லா வெளிச்சத்தையும் அணைப்பது என்றால், மெயின் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கிறோம். அணைத்த மறுநொடி இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு ஹால் விளக்கை எரிய விடும்! மாடிப்படியில் ஆள் நடந்தால் எரியும் சென்சார் விளக்கு, மாடியில் சோலார் விளக்கு, பால்கனியில் போன் வெளிச்சம் எல்லாம் இதில் சேர்த்திதான். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டபோது, போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் ஊர் விளக்குகள் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தன. துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ‘அவன் பெரிய எம்டன்’ என்ற பேச்சு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

அடுத்தது, ‘விழிப்புணர்வு’ என்ற பெயரில் நாம் செய்யும் காரியம். ராணுவ வண்டி போவதைப் படமெடுத்து, இடத்தையும் எழுதி, ‘ஜெய்ஹிந்த்’ போட்டு ஸ்டேட்டஸ் வைக்கிறோம். 2008 நவம்பரில் மும்பையில் டிவி நேரலையைப் பார்த்துக்கொண்டே, எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள் போனில் தாக்குதல்காரர்களை இயக்கினார்கள். அன்று கேமரா டிவிக்காரர்களிடம்தான் இருந்தது. இன்று எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. வதந்தியும் அப்படித்தான்: 2025 மே மாதம் ‘ஏடிஎம் எல்லாம் மூடப்போறாங்க’ என்று ஒரு செய்தி சுற்றியது. அது பொய் என்று மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபி மறுப்பு வெளியிட்டது. மறுப்பை எத்தனை பேர் ஃபார்வர்டு செய்தோம்?

சந்தேகப்படுவதும் ஜாக்கிரதையும் ஒன்றல்ல. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே குலதெய்வம் கும்பிடப் போன குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து ஊரே அடித்தது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி செத்தே போனார். வாட்ஸ்அப் செய்திதான் பின்னணி. சந்தேகம் வந்தால் அவசர உதவி எண் 112க்குச் சொல்லுங்கள். விசாரணை போலீஸ் வேலை.

கடைசியாக என் கதை. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். கரண்ட் போய் என் போன் செத்துவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் தன் போனைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு நின்றேன். மனைவியின் எண் நினைவுக்கு வரவில்லை! மனப்பாடமாக வந்தது, பத்து வருஷத்துக்கு முன்னால் துண்டித்த எங்கள் லேண்ட்லைன் எண் ஒன்றுதான். பர்ஸில் ஐம்பது ரூபாய், மீதியெல்லாம் ஜிபேயில். அம்மாவின் பிரஷர் மாத்திரை ரெண்டே ரெண்டு மிச்சம்.

இப்போது ஒரு பிஸ்கட் டப்பாவில் சில்லறை நோட்டுகள், ஒரு வாரத்து மாத்திரை, டார்ச், ஆதார் நகல்கள் இருக்கின்றன. பேட்டரியை டார்ச்சுக்குள் போடாமல் தனியே வைத்திருக்கிறேன், உள்ளேயே கசிந்து ஒரு டார்ச் வீணான அனுபவம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள்: 112, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, அப்புறம் வீட்டு ஆட்கள் அத்தனை பேர் எண்ணும். மனைவியின் எண்ணை இப்போதும் ஏழாவது இலக்கத்துக்கு மேல் பார்த்துத்தான் சொல்கிறேன்.