வாங்கிய காரில் எஞ்சின் விளக்கு எரிகிறதா? அழிக்கும் முன் வாசியுங்கள்

இலங்கையில் 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டதால், திருகோணமலையில் இன்று விலைக்கு வரும் கார்களில் பல, இரண்டு மூன்று உரிமையாளர்களின் கைகளைக் கடந்தவை. அப்படியொரு பெற்றோல் காரையோ ஹைபிரிட் காரையோ வாங்கிச் சில வாரங்களில் டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதை, வாகன வேலை தெரியாதவரும் பின்பற்றக்கூடிய வகையில் இங்கே தருகிறேன்.

முதலாவது படி: நிறத்தைப் பாருங்கள்

சிவப்பு என்றால் நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் பெரும்பாலும் அவகாசம் உண்டு.

எண்ணெய்க் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு, எஞ்சினுக்குள் போதிய ஒயில் அழுத்தம் இல்லை என்பதைக் குறிக்கிறது. அடுத்த கராஜ் வரையாவது ஓட்டிவிடலாம் என்று நினைக்காமல், ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணைத்துவிடுங்கள். வெப்பமானி வடிவிலான சிவப்பு விளக்கு எரிந்தாலும் அதுவே வழி. ரேடியேற்றர் மூடியை மட்டும் சூடு முழுமையாக ஆறும்வரை தொடக் கூடாது. பற்றரி வடிவ விளக்கு மின்னேற்றம் நடைபெறவில்லை என்று சொல்கிறது. ஏ.சி.யை நிறுத்திவிட்டுச் சிறிது தூரம் ஓட்டலாம் என்றாலும், சில கார்களில் மின்னேற்றும் ஒல்டர்னேற்றரைச் சுழற்றும் பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது என்பதால் வெப்பநிலையில் ஒரு கண் இருக்கட்டும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் இப்படி நிற்க நேர்ந்தால், அது யானைகள் வீதியைக் கடக்கும் பகுதி என்பதால், வாகனத்தை விட்டுத் தள்ளிப் போகாமல் உள்ளே இருந்தபடியே உதவிக்கு அழையுங்கள்.

மஞ்சள் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். அதே விளக்கு மின்னி மின்னி எரிந்தால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெற்றோல் எரியாமலே வெளியேறி, புகைக்குழாயிலுள்ள, புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் எரிந்து அதைச் சிதைக்கிறது என்பது அதன் பொருள். வேகத்தைக் குறைத்து, விரைவில் நிறுத்துங்கள்.

இரண்டாவது படி: விளக்கு எரியவேண்டிய நேரத்தில் எரிகிறதா?

எஞ்சினை இயக்காமல் திறப்பை 'ஒன்' நிலைக்குத் திருப்புங்கள். அழுத்து பொத்தான் உள்ள கார்களில் பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை இருமுறை அழுத்தினால் பெரும்பாலும் அந்த நிலை வரும். அப்போது எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் இயங்கியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால், பல்ப் பழுதாகியிருக்கலாம், அல்லது விற்பவர் அதைக் கழற்றியோ மறைத்தோ இருக்கலாம். எரியும் விளக்கைவிட எரியாத விளக்குக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன்.

மூன்றாவது படி: கருவி இல்லாமல் பார்க்கக்கூடியவை

சமதரையில் எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து ஒயில் அளவுகோலை எடுத்துத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். ஒயில் இரு குறிகளுக்கு இடையே நிற்க வேண்டும். பெற்றோல் தாங்கியின் மூடியைக் 'கிளிக்' ஒலி கேட்கும்வரை இறுக்குங்கள். எயார் பில்டர் பெட்டியின் கொக்கிகள் சரியாகப் பூட்டியுள்ளனவா, அதிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் இறப்பர்க் குழாயில் வெடிப்பு உள்ளதா என்று கவனியுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களில் பற்றரி முனைகளிலும், உடற்பகுதியோடு பொருத்தப்பட்ட எர்த் வயரின் நுனியிலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். அதனால் சென்சர்கள் தவறான அளவைச் சொல்லக்கூடும். ஹைபிரிட் காரில் செம்மஞ்சள் நிற வயர்களில் கை வைக்கவே கூடாது. அவற்றில் ஓடுவது உயர் அழுத்த மின்சாரம்.

நான்காவது படி: ஸ்கானரை இணையுங்கள்

ஸ்டியரிங்குக்குக் கீழே காரின் கணினியிலுள்ள பழுதுப் பதிவுகளை வாசிப்பதற்கான, 16 முனைகள் கொண்ட ஓபிடி (OBD) இணைப்பி இருக்கும். புளூடூத் வழியாகக் கைத்தொலைபேசியோடு சேரும் சிறிய ஸ்கானர் ஒன்றை அதில் செருகினால் பழுதுக் குறியீடுகள் தெரியும். பழைய ஜப்பானியக் கார்கள் சிலவற்றில் இணைப்பி ஒத்துப்போனாலும் மலிவான கருவியோடு தொடர்பு கிடைக்காது. அவற்றுக்குக் கராஜிலுள்ள ஸ்கானர்தான் வேண்டும்.

தெரியும் குறியீடுகள் அனைத்தையும் படம் பிடியுங்கள். கூடவே, பழுது பதிவான நேரத்தில் வேகம், எஞ்சின் வெப்பநிலை ஆகியன எவ்வாறிருந்தன என்ற பதிவும் இருக்கும்; அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் குறியீட்டை அழித்தால், மெக்கானிக்குக்குத் தேவையான தடயமும் சேர்ந்து அழிந்துவிடும்.

கார் அண்மையில் கைமாறியது என்றால் இன்னொரு இடத்தையும் பாருங்கள். குறியீடுகள் கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு ஓடிய தூரத்தைப் பல கார்கள் நினைவில் வைத்திருக்கும். அங்கே 60 கிலோமீற்றர் என்று காட்டினால், உங்களுக்குக் காட்டுவதற்குச் சற்று முன்னர்தான் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரி கழற்றப்பட்டிருக்கிறது. காசு கொடுக்கும் முன்பே பார்க்கவேண்டிய எண் இது.

ஐந்தாவது படி: குறியீட்டைப் பொருளோடு வாசியுங்கள்

குறியீடு சொல்வது அறிகுறியைத்தான். எந்த உதிரிப்பாகத்தை மாற்ற வேண்டும் என்பதை அது சொல்லாது. கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் போதியளவு வேலை செய்யவில்லை என்று காட்டும் பி 0420 (P0420) வந்தால், அதையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. அதன் விலை கொஞ்சநஞ்சமல்ல. புகைக்குழாயில் கசிவோ, ஒட்சிசன் சென்சரில் பழுதோ இருந்தாலும் அதே குறியீடு வரலாம் என்பதால் அவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பி 0171, எஞ்சினுக்குள் செல்லும் கலவையில் காற்றுக்கு ஏற்ற பெற்றோல் இல்லை என்பது. மேலே சொன்ன இறப்பர்க் குழாயின் வெடிப்பு இதற்கு ஒரு வழமையான காரணம்.

பி 0301 என்றால் முதலாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஒவ்வொரு பிளக்கின் மேலும் அதற்கு மின்சாரம் தரும் தனித்தனிக் கொயில் உள்ள எஞ்சினில், சூடு ஆறியபின் திறப்பை எடுத்துவிட்டு, முதலாம் சிலிண்டரின் கொயிலையும் இரண்டாவதின் கொயிலையும் இடம் மாற்றிப் பூட்டி, குறியீட்டை அழித்து ஓட்டிப் பாருங்கள். இப்போது பி 0302 வந்தால் கொயில்தான் பழுது. மறுபடியும் பி 0301 வந்தால் பிளக், பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் என்று தேடலைத் தொடர வேண்டும்.

ஆறாவது படி: திருத்தியபின் உறுதிசெய்யுங்கள்

பழுது நீங்கியதும் குறியீட்டை அழிக்கலாம். அழித்தவுடன் எஞ்சினின் சுயபரிசோதனைகள் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், விளக்கு அணைந்திருப்பதை வைத்து அன்றைக்கே எதுவும் சொல்ல முடியாது. எஞ்சின் முழுதும் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் புறப்பட்டு, நகர நெரிசலைக் கடந்ததும் கந்தளாய் வீதியில் சீரான வேகத்தில் சென்று திரும்புங்கள். கந்தளாய் வரை போகவர சுமார் 80 கிலோமீற்றர் ஆகும். சில சோதனைகள் முடிய இப்படி இரண்டு மூன்று நாள் ஓட்டம் தேவைப்படும். பின்னர் ஸ்கானரில் எல்லாச் சோதனைகளும் 'முடிந்தது' என்று காட்டி, புதிய குறியீடு எதுவும் இல்லையென்றால், கராஜுக்குரிய மீதிப் பணத்தைக் கொடுத்துவிடலாம்.