கம்பி இறக்குவதற்கு முன் கணினியில் ஒருமுறை கட்டிவிடுங்கள்

திருச்சிப் பக்கம் தனிவீடுகள் கட்டித் தருகிறேன். சில வருடம் முன்பு ஒரு வீட்டில் மாடிப்படிக்கு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கிய பலகை) பிரித்த அன்று மேஸ்திரி கூப்பிட்டார். "சார், நீங்களே ஒருவாட்டி ஏறிப் பாருங்க." ஏறினேன். ஏழாவது படியில் பீம் நெற்றியில் முட்டியது. படிக்கு ஒரு தாள், பீமுக்கு ஒரு தாள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரி. உடைத்துத் திரும்ப ஊற்றிய செலவு என் தலையில். அதற்கப்புறம்தான் வீட்டை முழுசாகக் கணினியில் முப்பரிமாண மாடல் போடப் பழகினேன்.

ரெவிட் என்ற கட்டட மாடல் மென்பொருளின் சந்தா என்னைப் போன்ற சின்ன ஆளுக்குக் கட்டுப்படியாகாது. ஃப்ரீகேட் என்ற மென்பொருள் இலவசம், 2024-இல் வந்த 1.0 பதிப்பில் கட்டட வேலைக்கான பிம் பகுதி கூடவே வருகிறது.

எலிவேஷன் என்னும் முகப்புப் படத்துக்குக் கலர் அடிப்பது மாடல் ஆகாது, அது வீட்டுக்காரரைக் குஷிப்படுத்த. சுவரை 9 அங்குலம், நாலரை அங்குலம் என்று அசல் கனத்தில் வையுங்கள். தூண், பிளின்த் பீம் (தரைமட்ட பீம்), லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேலுள்ள கான்கிரீட் பட்டை), தளம், படி எல்லாம் மாடலில் ஏறட்டும். கழிவறையின் 4 அங்குலக் குழாயையும் அதன் வாட்டத்தோடு (சரிவோடு) போடுங்கள். பலரும் விடுவது இதைத்தான். பிறகு படி வழியாக வீட்டை வெட்டிப் பார்ப்பதுபோல் ஒரு வெட்டுப் படம் எடுத்து, படி மூக்கிலிருந்து (படியின் முன் விளிம்பிலிருந்து) பீம் அடிவரை 7 அடி இருக்கிறதா என்று அளக்கவும். குழாய் பீமைக் குத்தினால் இப்போதே நகர்த்துங்கள். கான்கிரீட் போட்டபின் துளைத்தால் காசும் போகும், பீமின் பலமும் போகும்.

காசு அதிகம் மிச்சமாவது கம்பியில். ஒரு ஹால், 12 அடி அகலம், 15 அடி நீளம். இருபுறமும் 9 அங்குலச் சுவர் மேல் ஏற, தளக்கம்பி ஏறத்தாழ பதிமூன்றரை அடி வேண்டும். கடையில் கிடைப்பது 12 மீட்டர், அதாவது 39 அடி சொச்சம். இரண்டு துண்டுதான் வரும், மீதி 12 அடி மூலையில் கிடக்கும். அகலத்தை 11 அடி 6 அங்குலமாக்கினேன். துண்டு 13 அடி, ஒரு கம்பியில் மூன்று. 5 அங்குல இடைவெளியில் 36 துண்டுக்கு 18 கம்பி போய் 12 ஆனது. 10 எம்.எம். கம்பி ஒன்று 7.4 கிலோ, ஒரே அறையில் 44 கிலோ குறைவு. வீட்டுக்காரம்மா அந்த அரை அடியைக் கேட்கவே இல்லை. (ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் காட்டாமல் இதைச் செய்யாதீர்கள்.)

செங்கல், பூச்சுக் கணக்கை மாடலே கதவு ஜன்னல் கழித்துத் தரும். சேதாரம் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாடலை போனில் அனுப்பினால் சைட்டில் யாரும் திறப்பதில்லை. அறைக்கு ஒரு தாளாக, அளவோடு பிரிண்ட் எடுத்து சிமெண்ட் கொட்டகையில் மாட்டுங்கள். தேதி போடுங்கள். மாற்றினால் பழையதைக் கிழித்துவிடுங்கள். போன வருடம் இரண்டும் தொங்கியதில் பாத்ரூம் கதவு பழைய இடத்திலேயே ஏறிவிட்டது.