எதிரணி வீரரைச் சீண்டும் கோஷம் எப்போது இனவாதமாகிறது? மைதானத்தில் நிற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் மின்னொளியில் நடக்கும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றுக்குப் போயிருப்பவர்களுக்கு, கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தின் வாயைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எதிரணியின் கோல் காப்பாளர் பந்தைக் கைநழுவ விட்டால் அந்த இடத்திலேயே அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கப்படும். இரண்டு நிமிடத்துக்குள் அது ஏதாவதொரு சினிமாப் பாட்டின் மெட்டில் ஏறிவிடும். இதில் பெரும்பகுதி ஆட்டத்தோடு பிறந்து ஆட்டத்தோடு முடிகிற நக்கல். ஆனால் அதே கூட்டத்திலிருந்து, அதே மெட்டில், வேறொரு வகையான வரியும் வருகிறது. அதைக் கேட்டு முகஞ்சுளிப்பவர் வாய்திறந்தால், "பகிடிக்குத்தானே கத்துறாங்கள், விடுங்கோ அண்ணை" என்பதுதான் பதிலாகக் கிடைக்கிறது. இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது, பிரித்தறிந்த பின் மைதானத்தில் என்ன செய்வது என்பதைக் கழக நிர்வாகிகளுக்கும், ஒலிவாங்கியைக் கையில் வைத்திருக்கும் அறிவிப்பாளர்களுக்கும், எல்லாருக்கும் மேலாகக் கோஷத்தைத் தொடங்கிவைக்கும் இளைஞர்களுக்கும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

வீரரை நீக்கிவிட்டுப் பாருங்கள்

முதலில் செய்யவேண்டியது இதுதான். கோஷத்தின் வரியை எடுத்துக்கொண்டு, அந்த வீரரை அதிலிருந்து நீக்கிவிட்டு, மிச்சமிருப்பது யாரைச் சுடுகிறது என்று பாருங்கள். பெனால்ரியை வெளியே அடித்தவர், காசுக்காகக் கழகம் மாறியவர், தொட்டால் விழுந்து நடுவரைப் பார்ப்பவர் என்று பாடினால், வீரரை நீக்கியதும் அந்த வரியில் எதுவும் மிஞ்சாது, ஏனென்றால் அது அவர் செய்த ஒன்றைப் பற்றியது. மாறாக, அந்த வரி அவருடைய தாயையும் தம்பியையும், அதே பிறப்புடைய, மைதான ஓரத்தில் கச்சான் விற்றுக்கொண்டிருக்கும் பெண்ணையும், உங்கள் சொந்த அணியில் ஆடும் இன்னொருவரையும் ஒருசேரத் தாக்குமானால், அது அந்த வீரரின் ஆட்டத்தைப் பற்றியதே அல்ல. அவர் எதுவாகப் பிறந்தார் என்பதைப் பற்றியது. இனவாதம் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

புண்படுத்துவது எல்லாம் இனவாதம் என்று நான் சொல்லவில்லை. ஒருவரின் உடற்பருமனைக் கேலி செய்வதும், தாயை இழுத்துத் தூஷணம் பேசுவதும் கேவலமானவை. தாயை இழுப்பது பெண்களை இழிவுபடுத்துவதும் ஆகும். அவற்றையும் மைதானத்தில் நிறுத்தவேண்டும். ஆனால் அவற்றுக்கு இனவாதம் என்று பெயர் வைத்தால், உண்மையான இனவாதம் நடக்கும்போது சொல்வதற்குச் சொல் இல்லாமல் போய்விடும். எனவே எதை எந்தப் பெயரால் அழைக்கிறோம் என்பதில் நிதானம் வேண்டும்.

வார்த்தையே இல்லாத கோஷம்

பல ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் ஊரணிக்கு எதிராக ஆடவந்த அணியில் இடதுபக்க முன்கள வீரர் ஒருவர் இருந்தார். பத்தொன்பது வயதைத் தாண்டியிராது. அவருடைய தகப்பனார் சலூன் வைத்திருப்பவர் என்பது எங்கள் கூட்டத்தில் சிலருக்குத் தெரிந்திருந்தது. அவர் காலுக்குப் பந்து வந்தபோதெல்லாம், கயிற்றுக்கு இப்பால் நின்ற முப்பது நாற்பது பேர் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் கத்தரிக்கோலைப் போல விரித்து மூடிக்கொண்டு, நாக்கை மேலண்ணத்தில் அடித்து ஒலி எழுப்பினார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அன்று சிரித்தேன். மூலை உதை அடிப்பதற்காக அவர் எங்களுக்கு மூன்றடி தூரத்தில் வந்து நின்றபோது, பந்தை வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்தார். ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உதைத்த பந்து நேரே வெளியே போனது. சிரிப்பு இரட்டிப்பானது. எனக்குப் பக்கத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் தன் விரல்களை அதேபோல விரித்து மூடியபடி, "அப்பா, இது ஏன் செய்யிறவை?" என்று கேட்டான். தகப்பனார் அவனுடைய கையைப் பிடித்துக் கீழே இறக்கினாரே தவிர, பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு பிள்ளையிடம் சொல்லக்கூடிய பதில் அங்கிருந்த எவரிடமும் இருக்கவில்லை என்பதை நான் விளங்கிக்கொள்ள நெடுநாள் ஆனது.

"அது சாதிதானே, இனவாதம் எப்படி ஆகும்" என்று கேட்பவர்களுக்கு நேரடியான பதில் இருக்கிறது. 1965ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டதும் இலங்கை 1982இல் இணைந்துகொண்டதுமான இனப்பாகுபாட்டு ஒழிப்புச் சமவாயம், இனப்பாகுபாட்டின் அடிப்படைகளாக இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனத்துவ மூலம் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. அதில் வரும் வம்சாவளி என்ற சொல் சாதியையும் உள்ளடக்கும் என்று அந்தச் சமவாயத்தின் கண்காணிப்புக் குழு 2002இல் தெளிவுபடுத்தியது. எங்கள் அரசியலமைப்பின் 12(2) ஆம் உறுப்புரையும் பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களில் இனம், மதம், மொழி ஆகியவற்றோடு சாதியையும் பிறப்பிடத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அந்த உறுப்புரை அரசைக் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்டது என்றாலும், கழகம் ஒன்று தன் ஒழுக்கக் கோவையை எழுத உட்காரும்போது கையில் வைத்திருக்க அதைவிட நல்ல பட்டியல் கிடையாது.

வார்த்தை இல்லாவிட்டாலும் கோஷம் கோஷந்தான். ஐரோப்பிய அரங்குகளில் கறுப்பின வீரர்களை நோக்கி எழுப்பப்படும் குரங்கு ஒலியிலும் வார்த்தை இல்லை. இங்கிலாந்தில் 1991இல் இயற்றப்பட்ட உதைபந்தாட்டக் குற்றங்கள் சட்டம், திரும்பத் திரும்ப எழுப்பப்படும் சொற்களை மட்டுமன்றி ஒலிகளையும் கோஷம் என்றே வரையறுத்தது. தொடக்கத்தில் பலர் சேர்ந்து கத்தினால் மட்டுமே குற்றம் என்றிருந்ததை, 1999இல் செய்யப்பட்ட திருத்தம் ஒருவர் தனியே கத்தினாலும் குற்றம் என்று மாற்றியது.

வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானங்கள்

பாராட்டிப் பாடினால் இனவாதம் ஆகாது என்பது மிகவும் உறுதியாக நம்பப்படும் சமாதானம். இதற்குத் தென்கொரிய வீரர் பார்க் ஜி-சுங்கின் அனுபவத்தைவிடத் தெளிவான பதிலை நான் காணவில்லை. 2005 முதல் 2012 வரை மான்செஸ்ரர் யுனைற்றட்டுக்கு ஆடிய அவரைப் போற்றி, அவருடைய சொந்த இரசிகர்களே பாடிய பாட்டு ஒன்று அவருடைய நாட்டில் நாய் தின்பார்கள் என்று தொடங்கி, லிவர்பூல்காரராக இருப்பது அதைவிடக் கேவலம் என்று போட்டி ஊரைக் குத்தி முடிந்தது. குத்து லிவர்பூலுக்கு, காயம் பார்க்குக்கு. 2021இல் வேறொரு கழகம் தென்கொரிய வீரர் ஒருவரை எடுத்தபோது அதே பாட்டு மறுபடியும் ஒலித்ததைக் கேட்ட பின்னரே, அதை நிறுத்துங்கள் என்று அவர் வெளிப்படையாக வேண்டினார். ஆடிய காலத்தில் அதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று எண்ணியிருந்ததாகவும் சொன்னார். வீரர் சிரித்தார், கை அசைத்தார், முறையிடவில்லை என்பவை எவற்றுக்கும் சான்றாகா என்பதை இங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரைத்தான் சொன்னோம், ஆளைச் சொல்லவில்லை என்பது அடுத்தது. இது உண்மையிலேயே கவனமாகப் பார்க்கவேண்டிய இடம். இளவாலை, நாவாந்துறை, பாசையூர், குருநகர், அரியாலை, மயிலங்காடு என்று ஊர்ப்பெயரோடுதான் எங்கள் உதைபந்தாட்டமே வளர்ந்தது; ஊருக்கு ஊர் போட்டி இல்லாவிட்டால் மைதானத்துக்கு ஆளே வராது. "உங்கட ஊருக்குக் கிண்ணம் இல்லை" என்று பாடுவது போட்டி. கரையோர ஊர் ஒன்றின் அணியைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் வாடை என்று பாடுவது போட்டி அல்ல. அங்கே ஊர்ப்பெயர் தொழிலையும் தொழில் சாதியையும் மூடும் திரையாகிவிடுகிறது. இங்கிலாந்திலும் இதே சிக்கல் நீதிமன்றம் வரை போனது. எதிரணியின் நகரத்தைத் தெற்காசியரைக் குறிக்கும் இழிசொல்லால் பாடியவரை முதல் நீதிமன்றம் விடுவித்தது. உயர் நீதிமன்றம் 2003இல் அந்த முடிவு தவறு, அது இனவாதக் கோஷமே என்று தீர்ப்பளித்தது.

2024 யூலையில், கோபா அமெரிக்காக் கிண்ணத்தை வென்ற ஆர்ஜென்ரீன வீரர்கள் பேருந்தில் பாடியதை அவர்களில் ஒருவரான என்ஸோ பெர்னாண்டஸ் நேரலையில் காட்டியபோது எழுந்த கொதிப்பை நம்மவர்களும் கைபேசிகளில் பார்த்திருப்பார்கள். பிரான்ஸ் அணியின் வீரர்களுடைய தாய் ஒரு ஆபிரிக்க நாடு, தகப்பன் இன்னொரு ஆபிரிக்க நாடு, கடதாசியில் மட்டும் பிரெஞ்சுக்காரர் என்பது அந்தப் பாட்டின் சாரம். பெர்னாண்டஸ் மன்னிப்புக் கேட்டார். பிரெஞ்சு உதைபந்தாட்டச் சம்மேளனம், உலக உதைபந்தாட்டத்தை நிர்வகிக்கும் பீபாவிடம் முறையிட்டது. அந்தப் பாட்டைக் கண்டித்த நாங்கள், 1958இலும் 1977இலும் நடந்த வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்தில் பிறந்து, கிளிநொச்சி மண்ணைத் தவிர வேறு ஊரே அறியாத ஒரு வீரரை, இந்தியாவிலிருந்து வந்தவன் என்ற பொருளில் "வடக்கத்தியான்" என்று கத்தும்போது வாய்மூடி நிற்கிறோம். இரண்டும் ஒரே வரிதான். நீ இங்கே ஆடலாம், ஆனால் இந்த இடம் உன்னுடையது அல்ல என்பதே இரண்டிலும் சொல்லப்படுவது. முஸ்லிம் வீரரின் தொப்பியையும் சிங்கள வீரரின் உச்சரிப்பையும் வைத்துக் கத்துவதும் இதே வகையைச் சேர்ந்தது.

எங்கள் வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் சொல்தானே என்பதும் அடிக்கடி கேட்பது. எங்கள் வீடுகளில் கறுத்த பிள்ளையைக் "கறுவல்" என்று செல்லமாகக் கூப்பிடுவதுண்டு. அதைத் தாய் சொல்வதும், எதிரணியின் கூட்டம் சேர்ந்து சொல்வதும் ஒன்றல்ல. 2011இல் இங்கிலாந்தில் நடந்த ஆட்டமொன்றில், கறுப்பினப் பிரெஞ்சு வீரர் பற்றிஸ் எவ்ராவோடு நடந்த வாக்குவாதத்தில் உருகுவே வீரர் லூயிஸ் சுவாரெஸ் அவருடைய நிறத்தைக் குறித்துச் சொன்ன சொல் தன் நாட்டில் வழக்கமாகப் புழங்குவது என்று அவர் வாதிட்டார். விசாரணைக் குழு அது சொல்லப்பட்ட சூழலைப் பார்த்து எட்டுப் போட்டித் தடையும் 40,000 பவுண்ஸ் அபராதமும் விதித்தது. கொழும்புக் கழகங்களுக்காக ஆடவந்த நைஜீரிய, கானா வீரர்களைப் பார்த்துப் பெரியவர்களே கூசாமல் சொல்லும் "காப்பிலி" என்ற சொல்லையும் இப்படியே அளவிடுங்கள்.

அந்த நேரத்தில் செய்யவேண்டியவை

நீங்கள் கோஷத்தைத் தொடங்குபவராக இருந்தால், வேலை மிகச் சுலபம். தொடங்குபவர் நிறுத்தினால் கூட்டமும் நிறுத்தும். கெட்ட வரி எழும்பியதும் அதைக் கண்டித்து உரையாற்ற வேண்டாம், உடனே வேறொரு பாட்டை உரத்துத் தொடங்குங்கள். மேளம் உங்கள் பக்கத்தில் இருந்தால் தாளத்தை மாற்றுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் பேசவேண்டி வந்தால், "நீ இனவாதி" என்று சொல்லாமல், அந்த வரி யாரையெல்லாம் சுடுகிறது என்பதைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள்.

நடுவருக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் பீபாவின் மூன்று படிமுறை இருக்கிறது. முதலில் ஆட்டத்தை நிறுத்தி ஒலிபெருக்கியில் அறிவித்தல் வேண்டும். தொடர்ந்தால் ஆட்டத்தை இடைநிறுத்தி வீரர்களை வெளியே அழைத்துச் சென்று மீண்டும் எச்சரிக்கவேண்டும். அதன் பிறகும் அடங்காவிட்டால் ஆட்டத்தைக் கைவிடவேண்டும். 2024 முதல், வீரர்கள் மணிக்கட்டுகளைக் குறுக்காகப் பிடித்து நடுவருக்குச் சைகை காட்டுவதும் இதனோடு சேர்க்கப்பட்டுள்ளது. உடைமாற்றும் அறையே இல்லாத ஊர் மைதானங்களில் வீரர்களை நடுவட்டத்துக்கு அழைப்பதே போதும். அறிவிப்பாளர் பொத்தாம்பொதுவாக "ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள்" என்று சொல்லக்கூடாது. எந்தப் பக்கத்துக் கூட்டம், எதற்காக ஆட்டம் நின்றிருக்கிறது என்பதைச் சொல்லவேண்டும். ஆனால் அந்த இழிசொல்லை ஒலிவாங்கியில் திரும்பச் சொல்லிவிடக் கூடாது.

கூட்டத்தில் யாரென்று பிடிப்பது என்று கைவிரிக்க வேண்டியதில்லை. 2023 மே மாதம் ஸ்பெயினின் வலன்சியா மைதானத்தில் கறுப்பினப் பிரேசில் வீரர் வினிசியஸ் ஜூனியரை இழிவுபடுத்திய மூவர் அடையாளம் காணப்பட்டு, 2024 யூனில் எட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்கள். பத்தாயிரக்கணக்கானோர் கூடிய அரங்கில் முடிந்தது, முந்நூறு பேர் நிற்கும் எங்கள் மைதானத்தில் முடியும். எத்தனையாவது நிமிடம், எந்தக் கோல் கம்பத்தின் பக்கம், சொன்ன வரி அல்லது காட்டிய சைகை அப்படியே என்ன, கேட்ட வேறு இருவர் யார் என்பவற்றை உடனே கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒளிப்பதிவு செய்தால் கூட்டத்தை எடுங்கள். அவமதிக்கப்பட்ட வீரரின் முகத்தை எடுக்கவே வேண்டாம். முறைப்பாட்டைத் திடல் கலைவதற்கு முன்னரே எழுத்தில், கையொப்பத்தோடு, சுற்றுப்போட்டிச் செயலாளரிடம் கொடுங்கள். நாளை கொடுக்கலாம் என்று வைத்தால், அதற்குள் இரண்டு ஊரின் பெரியவர்களும் பேசித் தீர்த்ததாகச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பேச்சில் அந்த வீரர் இருந்திருக்க மாட்டார்.

கழகத் தலைவரும் அணித்தலைவரும் அன்றிரவே அந்த வீரரிடம் போகவேண்டும், பரிவாரத்தோடு அல்ல, இரண்டு பேராக. "தம்பி, எங்கட ஆக்கள் கத்தினது பிழை. என்ன செய்தால் சரி எண்டு நீங்கள் சொல்லுங்கோ" என்பதற்கு மேல் பேச வேண்டாம், எங்கள் பெடியன்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல என்று விளக்கம் கொடுக்கவும் வேண்டாம். அறிவிப்பில் தன் பெயர் வரவேண்டுமா, வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அவர் பேச விரும்பாமல் சப்பாத்தின் நாடாவைக் கழற்றிக்கொண்டே இருந்தால், காத்திருந்துவிட்டு எழும்பி வாருங்கள். மன்னிப்பைக் கோஷம் எழும்பிய அதே மைதானத்தில், அடுத்த ஆட்டம் தொடங்குவதற்கு முன்னர், அதே கூட்டம் நிற்கும்போது ஒலிவாங்கியில் சொல்லுங்கள்.