ஓணான் குஞ்சின் கண் தெளிவாக விழ

செம்பருத்திச் செடியில் இருக்கும் ஓணான் குஞ்சுகளை 100 எம்எம் மேக்ரோ லென்ஸில் (சின்னவற்றை நெருங்கிப் படமெடுக்கும் லென்ஸ்) எடுத்தால் மூக்கு தெளிவாக விழும், கண் மங்கிவிடும். 1:1 அளவில், அதாவது சென்சாரில் நிஜ அளவிலேயே விழும்படி எடுக்கும்போது, லென்ஸ் துவாரத்தை எஃப் 2.8 என்று அகலத் திறந்து வைத்தால் ஃபோகஸ் ஆழம் (முன்பின்னாகத் தெளிவாக விழும் தூரம்) ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. சரி என்று துவாரத்தைச் சுருக்கி எஃப் 11, ஷட்டர் வேகம் 1/200 நொடி வைத்து, ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, உடம்பை மெல்ல முன்னால் சாய்த்துக்கொண்டே போய், கண்ணைச் சுற்றியுள்ள பொடிச் செதில்கள் தெளியும் நொடியில் விடாமல் நாலைந்து கிளிக். வெளிச்சம் போதாது, ஃபிளாஷ் வேண்டும்; ஆனால் நேராக அடித்தால் செதிலெல்லாம் வெள்ளையாகப் பளபளக்கும், ஃபிளாஷ் முன்னால் பட்டர் பேப்பர் ஒட்டியதும் அது அடங்கியது. அப்புறம், வெயில் ஏறுமுன் போங்கள், குஞ்சின் உடம்பு சூடேறாததால் அவ்வளவாக அசையாது. அசையாமல் இருக்கட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பவர்களும் உண்டு, அது கொடுமை. குஞ்சு மிரண்டு ஓடினால் அன்றைக்கு விட்டுவிடுவேன்.