சின்னப் பிள்ளைகளோட மதுரைக்கு வர்றீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

எங்க வீடு கீழவாசல் பக்கம். சனி ஞாயிறு வந்தா சொந்தக்காரங்களோ கூட வேலை பாக்குறவங்களோ யாராச்சும் பிள்ளைகுட்டியோட ஊர் சுத்திப் பாக்க வந்துருவாங்க, நாங்களும் கூடப் போவோம். ஒவ்வொரு குடும்பமும் அதே தப்பைத்தான் பண்றாங்க, கஷ்டப்படுறது மட்டும் எப்பவும் அந்தச் சின்னதுக. தண்ணி பாட்டில், தொப்பி, மாத்துத் துணியெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடுறேன்.

காலைல 11 மணிக்கு மீனாட்சி அம்மன் கோயில்

இதைப் பாத்தா எனக்கு இன்னும் எரிச்சல் வரும். வந்து இறங்கி, ரூம் போட்டு, எல்லாரும் குளிச்சு, டிபன் சாப்ட்டுக் கிளம்பவே பத்தரை ஆயிரும். நேரா கோயில். நடை மதியம் 12.30க்குச் சாத்தினா சாயந்தரம் 4 மணிக்குத்தான் திறப்பாங்க, அதனால அந்த நேரத்துல வரிசைல நிக்கிற அத்தனை பேருக்கும் அவசரம், பிள்ளைக்கு ஒண்ணுக்கு வந்தாக்கூட வரிசையை விட்டு வெளிய வர முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் போனும் செருப்பும். 2018 பிப்ரவரில வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சதுல இருந்து செல்போனை உள்ள விடுறதில்ல, வாசல்ல குடுத்து டோக்கன் வாங்கிக்கணும். நாலு திசைலயும் கோபுரம், புதுசா வர்றவங்களுக்கு நாலும் ஒண்ணு மாதிரிதான் தெரியும்.

போன வெயில் காலத்துல கோயம்புத்தூர்ல இருந்து எங்க சித்தப்பா பையன் குடும்பத்தோட வந்தான். சாயந்தரம் போவோம்டான்னேன், கேக்கல. மேலக் கோபுரம் வழியா உள்ள போனாங்க, அம்மன் சன்னதிக் கூட்டத்துல பிரிஞ்சு போய், அவன் பொண்டாட்டி ரெண்டு பிள்ளையையும் கூட்டிக்கிட்டு கிழக்கு வாசல்ல வெளிய வந்துட்டா, அவன் மேற்கு வாசல்ல நிக்கிறான், ரெண்டு பேர் போனும் மேற்கு வாசல்ல, டோக்கன் அவன் சட்டைப் பைல. அவ பூக்கார அக்காகிட்ட போன் வாங்கி, மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பரான அவங்க அம்மா நம்பருக்கு அடிச்சு, அந்தம்மா கோயம்புத்தூர்ல இருந்து எனக்கு அடிச்சாங்க. நான் போய்ச் சேர்றப்ப சின்னது அம்மா இடுப்புலயே அழுது தூங்கிப் போயிருந்துச்சு. பெரியவன் ஒத்தக் கால் மாத்தி ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு, "பெரியப்பா, கால் சுடுது"ங்கிறான். சித்திரை வீதிக் கல்லு அந்த நேரத்துல தோசைக்கல்லு மாதிரி கொதிக்கும். பையனுக்கு உள்ளங்கால் செக்கச்செவேல்னு ஆகி, அடுத்த நாள் பூரா அவன் எங்கயும் நடக்கல, இவங்க போட்டு வச்ச ப்ளான் அத்தனையும் போச்சு.

காலைல 6, 7 மணிக்குப் போங்க, இல்ல வெயில் தாழ்ந்து 5 மணிக்கு மேல. போன வாசல்லயே திரும்பி வாங்க. அப்பாவும் அம்மாவும் தனித்தனி டோக்கன் வாங்குங்க. பிரிஞ்சுட்டா பொற்றாமரைக் குளத்துப் படில பாக்கணும்னு உள்ள நுழையுறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, ஒரு துண்டுப் பேப்பர்ல நம்பர் எழுதி பிள்ளை பைல வைங்க. தரிசனம் முடிஞ்ச உடனே வெளிய ஓடி வராதீங்க, பிள்ளைகளுக்கு உண்மையிலயே பிடிக்கிறது அதுக்கப்புறம்தான் இருக்கு. அந்தக் குளத்துப் படில கொஞ்ச நேரம் உக்கார விடுங்க. ஆயிரங்கால் மண்டபத்துல இருக்குறது 985 தூண், எண்ணிப் பாருன்னு சொல்லிட்டா ஏழு வயசுப் பையன் அசராம எண்ணுவான்.

பைபாஸ்ல ரூம் போடுறது

வாடகை கொஞ்சம் குறையும்னு ஊருக்கு வெளிய தங்கிட்டு, மதியம் பிள்ளையைத் தூங்க வைக்க இடமில்லாம ஹோட்டல் டேபிள்ல சாய்ச்சு வச்சிருக்குறவங்களைப் பாத்திருக்கேன். டவுன்ஹால் ரோடு, மேலமாசி வீதிப் பக்கம் தங்குங்க. ரயில்வே ஸ்டேஷனும் கோயிலும் நடக்குற தூரம், மதியம் ரூமுக்கு வந்து ரெண்டு மணி நேரம் தூங்கிட்டுப் போலாம்.

தூங்கவே தூங்காத பிள்ளையா? நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கு, 2023 ஜூலைல திறந்தது. குழந்தைகளுக்குன்னு தனிப் பகுதியே வச்சிருக்காங்க, ஏசி வேற. திருமலை நாயக்கர் மஹாலும் நல்ல இடம்தான், 1636ல கட்டுனது, அந்தத் தூணுக கிட்டப் போய் நின்னா பிள்ளைக அண்ணாந்து பாத்துட்டு கட்டிப்பிடிச்சுப் பாக்கும், கை பாதி கூட எட்டாது.

அழகர்கோயில், திருப்பரங்குன்றம், கீழடி மூணும் ஒரே நாள்ல

ஒண்ணு வடக்க, ஒண்ணு தென்மேற்க, ஒண்ணு தென்கிழக்க. ஒவ்வொண்ணுக்கும் ஊருக்குள்ள வந்து திரும்பப் போகணும், பிள்ளைக பாக்குறது கார் சீட்டோட முதுகை மட்டும்தான். ஏதாச்சும் ஒண்ணு எடுத்துக்கோங்க.

அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு கைக்குழந்தையோட

வேணவே வேணாம். 2022ல அந்த நெரிசல்ல ரெண்டு பேர் செத்தாங்க. டிவில பாருங்க.

ஐயப்ப சீசன்

கார்த்திகை, மார்கழில வெளி மாநில பஸ்ஸா வந்து நிக்கும், கோயில் வரிசை ரொம்ப நீளும். பிள்ளைக பெருசாகுற வரைக்கும் வேற மாசம் பாத்துக்கோங்க.

ராத்திரி 9 மணிக்கு ஜிகர்தண்டா

சாயந்தரமே வாங்கிக் குடுத்துருங்க. பாதி கப் போதும்.

பரோட்டாவுக்குச் சால்னா

காரம் அதிகம். பிள்ளைக்கு சீனி கேளுங்க, குடுப்பாங்க. இல்லாட்டி இட்லி, ராத்திரி எந்நேரமும் சூடா கிடைக்கும்.

அழகர்கோயில்ல பிள்ளை கைல பிஸ்கட் பாக்கெட்

குரங்கு புடுங்கும். கார்லயே வச்சுட்டு இறங்குங்க.